குழந்தைக்கு ‘டி.பி நெகட்டிவ்’னு ரிப்போர்ட் வந்துடுச்சா? கொஞ்சம் பொறுங்க!

அக்காவின் மூணு வயசுப் பையனுக்கு மூணு வாரமா இருமல். சாயந்திரம் ஆனா உடம்பு லேசா சுடுது. தட்டைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கிறான். போன பிறந்தநாளுக்கு எடுத்த டிரவுசர் இந்த வருஷம் சின்னதாகியிருக்கணும், ஆனா இடுப்புல நிக்காம நழுவுது. டாக்டர், “எதுக்கும் ஒரு டி.பி டெஸ்ட் எடுத்துடலாம்” என்கிறார். ரெண்டு நாள் கழித்து ஃபேமிலி வாட்ஸ்அப் குரூப்பில் ஒரே ஒரு வார்த்தை வந்து விழுகிறது: ‘நெகட்டிவ்.’ வரிசையாகக் கைகூப்பும் எமோஜிகள். பாட்டி மஞ்சள் துணியில் முடிந்து வைத்த காசைக் குலதெய்வத்துக்கு எடுத்து வைக்கிறார். அஞ்சு நிமிஷத்தில் குரூப் வேறு யாருடைய நிச்சயதார்த்த போட்டோவுக்கோ போய்விடுகிறது.

இது கற்பனைக் குடும்பம்தான். ஆனா இப்படி ஒரு குரூப்பில் சித்தப்பாவாகவோ, அத்தையாகவோ நீங்க இருந்தா, அந்த இடத்தில் கேட்கவேண்டிய கேள்விகள் சில இருக்கு. “எந்த டெஸ்ட்? எந்த சாம்பிள்ல எடுத்தாங்க? எக்ஸ்ரேல என்ன சொன்னாங்க? மறுபடி எப்போ வரச் சொன்னாங்க?”

ஏன்னா குழந்தைகளின் காசநோயில் ‘நெகட்டிவ்’ என்ற வார்த்தைக்கு ‘நோய் இல்லை’ என்று அர்த்தம் கிடையாது. ‘இந்த சாம்பிளில் கிருமி சிக்கவில்லை’ என்பது மட்டும்தான் அதன் அர்த்தம்.

உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி, ஆண்டுதோறும் 15 வயதுக்குக் கீழே உள்ள 12 லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளுக்குக் காசநோய் வருகிறது. இவர்களில் கிட்டத்தட்ட பாதிப் பேர் எந்தப் பதிவேட்டிலும் இடம்பெறுவதே இல்லை. நோய் இருப்பது யாருக்கும் தெரியாது. ஆண்டுக்குச் சுமார் 2 லட்சம் குழந்தைகள் இறக்கிறார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலானவர்கள் மருந்தே தொடங்காதவர்கள். உலகக் காசநோயாளிகளில் நாலில் ஒருவர் இந்தியாவில்தான் இருக்கிறார் என்பதால், இது எங்கேயோ நடக்கிற கதையும் அல்ல. மருந்து வேலை செய்யாமல் இறக்கும் குழந்தைகளைவிட, நோய் கண்டுபிடிக்கப்படாமல் இறக்கும் குழந்தைகளே அதிகம். அதனால்தான் டெஸ்ட்டைப் பற்றி இவ்வளவு பேசவேண்டியிருக்கு.

சளியைத் துப்பத் தெரியாத நோயாளி

1882 மார்ச் 24 அன்று, ராபர்ட் கோக் பெர்லினில் காசநோய்க் கிருமியைக் கண்டுபிடித்ததாக அறிவித்தார். அந்த நாளைத்தான் இன்றும் உலகக் காசநோய் தினமாகக் கடைப்பிடிக்கிறோம். அதன்பிறகு நூறு வருஷத்துக்கும் மேலாக வழக்கத்தில் இருந்த முறை ஒன்றுதான். சளியைக் கண்ணாடித் துண்டில் தடவி, சாயம் ஏற்றி, மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது. இதில் கிருமி கண்ணில் பட, ஒரு மில்லி லிட்டர் சளியில் சுமார் 5,000 முதல் 10,000 கிருமிகளாவது இருக்கணும்.

பெரியவர்களுக்கு இது சாத்தியம். அவர்களின் நுரையீரலில் நோய் குழி பறித்து, அந்தக் குழிகளில் கிருமிகள் கோடிக்கணக்கில் பெருகும். இருமினால் கட்டிச்சளியோடு வெளியே வரும். சின்னக் குழந்தைகளுக்கு நோய் இப்படி வளர்வதில்லை. பெரும்பாலும் நுரையீரலை ஒட்டிய நெறிகள் வீங்கும். கிருமிகளின் எண்ணிக்கை ரொம்பக் குறைவு. இருக்கிற கொஞ்ச நஞ்சத்தையும் வெளியே எடுக்க முடியாது. மூணு வயசுக் குழந்தையிடம் டப்பாவை நீட்டி, “ஆழமா இருமி சளியைத் துப்பு கண்ணா” என்று சொல்லிப் பாருங்க. எச்சில்தான் வரும். வந்த சளியைக் குழந்தை விழுங்கிவிடும்.

அந்த ‘விழுங்கிவிடும்’ என்ற விஷயத்தை ஞாபகம் வெச்சுக்கோங்க. பின்னாடி பயன்படும்.

கொரோனா சமயத்தில் பார்த்த அதே டெக்னிக்

ஆர்.டி.பி.சி.ஆர் என்ற வார்த்தையை 2020-க்குப் பிறகு யாருக்கும் விளக்கத் தேவையில்லை. கிருமியைப் பார்ப்பதற்குப் பதில், அதன் மரபணுவில் ஒரு குறிப்பிட்ட துண்டைத் தேடிப்பிடித்து, அதைத் திரும்பத் திரும்ப நகலெடுத்துப் பெருக்கிக் கண்டுபிடிப்பது. காசநோய்க்கான ‘ஜீன்எக்ஸ்பர்ட்’ மெஷினும் இதைத்தான் செய்கிறது. நம்மூர் அரசு மருத்துவமனைகளில் இதை ‘சிபிநாட்’ என்பார்கள். பிரின்டர் கார்ட்ரிட்ஜ் மாதிரி ஒரு பிளாஸ்டிக் கார்ட்ரிட்ஜ் இருக்கும். சாம்பிளை ஒரு திரவத்தோடு கலந்து அதில் ஊற்றி, மெஷினுக்குள் வைத்துக் கதவை மூடினால் போதும். கிருமியை உடைப்பது, மரபணுவைப் பிரிப்பது, பெருக்குவது எல்லாம் உள்ளேயே நடக்கும். 2 மணி நேரத்துக்குள் ரிசல்ட். அதோடு, ரிஃபாம்பிசின் என்ற முக்கியமான மருந்துக்கு இந்தக் கிருமி கட்டுப்படுமா, படாதா என்பதையும் சொல்லிவிடும். கிருமியை வளர்த்துப் பார்க்கும் ‘கல்ச்சர்’ டெஸ்ட்டுக்கு வாரக்கணக்கில் காத்திருக்கணும்.

இந்த மெஷினுக்கு ஒரு முன்கதை உண்டு. 2001-ல் அமெரிக்காவில் தபால் உறைகளில் ஆந்த்ராக்ஸ் கிருமித் தூளை அனுப்பியது நினைவிருக்கலாம் (நம்மில் பலர் அப்போ எல்.கே.ஜி). அதன்பின் அந்த நாட்டுத் தபால் நிலையங்களில் ஆந்த்ராக்ஸைக் கண்டுபிடிக்கப் பொருத்தியது இதே ஜீன்எக்ஸ்பர்ட் தொழில்நுட்பத்தைத்தான். லெட்டர்களைச் சோதித்த டெக்னிக் பிறகு சளியைச் சோதிக்க வந்தது. 2010 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம் இதற்கு ஒப்புதல் தந்தது. 2013-ல் குழந்தைகளுக்கும் பரிந்துரைத்தது. 2017-ல் ‘அல்ட்ரா’ என்ற அடுத்த வெர்ஷன் வந்தது.

மைக்ராஸ்கோப்புக்கு ஒரு மில்லி லிட்டரில் 5,000 கிருமிகள் தேவை என்றோமே... பழைய எக்ஸ்பர்ட்டுக்குச் சுமார் 130 போதும். அல்ட்ராவுக்குச் சுமார் 16. கிருமியே குறைவாக உள்ள குழந்தைகளுக்கு இது எவ்வளவு பெரிய வித்தியாசம்னு தனியா சொல்ல வேண்டியதில்லை.

நம்ம நாட்டுத் தயாரிப்பும் ஒன்று உண்டு. கோவாவில் உள்ள மோல்பயோ நிறுவனத்தின் ‘ட்ரூநாட்’. பேட்டரியில் ஓடும், ஏசி ரூம் கேட்காது. அதனால் தாலுகா மருத்துவமனை, ஆரம்ப சுகாதார நிலையம் வரை கொண்டு போக முடிகிறது. 2020-ல் இதற்கும் உலக சுகாதார நிறுவனத்தின் ஒப்புதல் கிடைத்தது. கொரோனா முதல் அலையில் பல ஊர்களில் டெஸ்ட் எடுத்ததும் இதே மெஷினில்தான். ஒரு வித்தியாசம்: ட்ரூநாட்டில் முதலில் கிருமி இருக்கா என்று ஒரு சிப்பில் பார்ப்பார்கள். பாசிட்டிவ் வந்தால் மருந்துக்குக் கட்டுப்படுமா என்பதை அடுத்த சிப்பில் பார்ப்பார்கள்.

கார்ட்ரிட்ஜ் விலையைப் பற்றி ஒரு வார்த்தை. ‘தி ஃபால்ட் இன் அவர் ஸ்டார்ஸ்’ நாவல் தெரியும்தானே? சுஷாந்த் சிங்கின் கடைசிப் படமான ‘தில் பேச்சாரா’வின் மூலக்கதை. அதை எழுதிய ஜான் கிரீன், தன் யூடியூப் ரசிகர்களைத் திரட்டிக்கொண்டு, 2023-ல் இந்தக் கார்ட்ரிட்ஜின் விலையைக் குறைக்கச் சொல்லி இறங்கினார். அவரோடு பல ஆண்டுகளாகப் போராடிவந்த அமைப்புகளும் சேர, ஏழை நாடுகளுக்கு 9.98 டாலருக்கு விற்றுக்கொண்டிருந்ததை அந்த செப்டம்பரில் நிறுவனம் 7.97 டாலராகக் குறைத்தது. 5 டாலருக்குத் தரவேண்டும் என்பது அவர்களின் கோரிக்கை. ஃபேன்டம் இப்படியும் பயன்படும்!

விழுங்கிய சளி எங்கே போகும்?

மெஷின் எவ்வளவு கெட்டிக்காரத்தனமாக இருந்தாலும், அதற்குள் ஊற்றும் சாம்பிளில் கிருமி இருந்தால்தானே சொல்லும்? குழந்தைகள் விஷயத்தில் உண்மையான சிக்கல் மெஷினில் இல்லை, சாம்பிளில்தான் இருக்கிறது. எச்சிலைக் கொடுத்து வாங்கிய ‘நெகட்டிவ்’வுக்கு மதிப்பு ரொம்பக் குறைவு.

குழந்தை ராத்திரி முழுக்க விழுங்கிய சளி வயிற்றுக்குள் இருக்கும். அதனால் காலையில், வெறும் வயிற்றில், மூக்கு வழியாக ஒரு மெல்லிய டியூபை இரைப்பை வரை செலுத்தி, அந்த நீரை உறிஞ்சி எடுப்பார்கள். பெரும்பாலும் முந்தைய நாள் ராத்திரியே அட்மிட் ஆகச் சொல்வார்கள். குழந்தை எழுந்து ஓடி, பால் குடித்துவிட்டால் வயிறு அதைக் கீழே தள்ளிவிடும். சில நேரம் அடுத்த நாளும் எடுக்கவேண்டி வரும். குழந்தை அழும். கையையும் காலையும் பிடித்துக்கொண்டு நிற்கிற அம்மாவும் அழுவார். “பச்சைப் புள்ளையை ஏன் இப்படிப் படுத்துறாங்க?” என்று கூட வந்த பெரியவர்கள் கோபப்பட்டு, டிஸ்சார்ஜ் வாங்கிக்கொண்டு கிளம்புவது இந்த இடத்தில்தான். நீங்க கூடப்போகும் ஆளாக இருந்தால், எதற்காக இதைச் செய்கிறார்கள் என்று முன்கூட்டியே வீட்டில் சொல்லி வையுங்க. பாதிப் பிரச்னை தீரும்.

இன்னொரு வழி, நெபுலைசரில் 3% உப்பு நீரை ஆவியாகக் கொடுத்துச் சளியைத் தூண்டி, பின்பு உறிஞ்சி எடுப்பது. கைக்குழந்தைகளுக்கும் இதைச் செய்ய முடியும், இப்படி எடுக்கும் ஒரு சாம்பிள் வயிற்று நீரை மூன்று முறை எடுப்பதற்குச் சமமான பலன் தரும் என்று கேப் டவுனில் நடந்த ஆய்வு ஒன்று 2005-லேயே காட்டியது. இதற்குப் பயிற்சி பெற்றவர்களும், காற்றோட்டமான தனி இடமும் தேவை.

மூன்றாவது வழிதான் பெற்றோர்களுக்குப் பிடித்தது: மலம். ஆமாம், டயப்பரில் இருக்கும் ஆய்தான். விழுங்கிய சளி குடல் வழியாகக் கடைசியில் அங்கேதானே வந்தாகணும்? காசநோய்க் கிருமியின் மேலுறை கெட்டியானது. அதன் மரபணு இந்தப் பயணத்தைத் தாங்கும். குழந்தையை அட்மிட் செய்யவேண்டாம், டியூப் வேண்டாம், அழுகை இல்லை. 2020-ல் உலக சுகாதார நிறுவனம் குழந்தைகளின் மலத்தையும் சாம்பிளாக ஏற்றுக்கொண்டது. எல்லா லேப்களிலும் இது இன்னும் வழக்கத்துக்கு வரவில்லை. “மலத்துல எடுக்க முடியுமா சார்?” என்று தயங்காமல் கேட்கலாம். அபத்தமான கேள்வி இல்லை.

கழுத்தில் நெறி கட்டியிருந்தால், அதிலிருந்து ஊசியில் உறிஞ்சியதையும் இதே மெஷினில் போடலாம். இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்லணும். நெறியிலிருந்து சதைத்துண்டு எடுத்தால், அத்தனையையும் ஃபார்மலின் பாட்டிலில் போட்டுவிடும் வழக்கம் பல இடங்களில் உண்டு. ஃபார்மலினில் போட்டால் கிருமி செத்துவிடும், கல்ச்சர் செய்ய முடியாது. மரபணுவும் சிதையும். ஒரு துண்டைச் சாதாரண சலைனில் தனியாக டி.பி டெஸ்ட்டுக்கு அனுப்பச் சொல்லி, ஆபரேஷனுக்கு முன்பே டாக்டரிடம் பேசிவிடுங்க. அதே குழந்தைக்கு ரெண்டாவது முறை கத்தி வைக்கவேண்டிய நிலை வராது.

நெகட்டிவ்... அப்புறம்?

கல்ச்சரில் கிருமி வளர்ந்து, நோய் நிச்சயமான 100 குழந்தைகளை எடுத்துக்கொள்வோம். அல்ட்ரா டெஸ்ட் சளியில் சுமார் 75 பேரைப் பிடிக்கும். வயிற்று நீரில் சுமார் 70. மலத்தில் 50-க்குச் சற்று மேல். இதிலேயே கணிசமானவர்கள் விடுபடுகிறார்கள். இன்னொரு உண்மையும் இருக்கு. அறிகுறி, எக்ஸ்ரே எல்லாவற்றையும் வைத்து ‘இது டி.பி’ என்று டாக்டர்கள் முடிவு செய்யும் குழந்தைகளில், கல்ச்சரிலேயே கிருமி வளர்வது 10-ல் 3 அல்லது 4 பேருக்குத்தான். ஆக, நோய் உள்ள பாதிக்கும் மேற்பட்ட குழந்தைகளுக்கு எந்த லேப்பும் ‘பாசிட்டிவ்’ என்று எழுதித் தராது.

பாசிட்டிவ் வந்தால் மட்டும் தாராளமாக நம்பலாம். நோய் இல்லாத குழந்தைக்குத் தவறாக பாசிட்டிவ் வருவது நூற்றில் ரெண்டு மூணு பேருக்குத்தான். அல்ட்ரா ரிப்போர்ட்டில் ‘ட்ரேஸ்’ என்று வந்தால், “லேசாத்தானாம், ஒண்ணும் இல்லையாம்” என்று விட்டுவிடாதீங்க. குழந்தைகளுக்கு அதையும் பாசிட்டிவாகத்தான் எடுத்துக்கொள்வார்கள்.

அப்போ நெகட்டிவ் வந்த குழந்தைக்கு முடிவெடுப்பது யார்? குழந்தைகள் நல மருத்துவர். அவர் பார்ப்பது நாலு விஷயங்களை. ரெண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கும் காய்ச்சல் அல்லது இருமல். எடை குறைவது, அல்லது ஏறவேண்டிய எடை ஏறாமல் நிற்பது. மார்பு எக்ஸ்ரே. வீட்டிலோ பக்கத்திலோ யாருக்காவது டி.பி இருந்ததா என்பது. தேவைப்பட்டால் சாதாரண ஆன்டிபயாடிக் ஒரு கோர்ஸ் கொடுத்து, சரியாகிறதா என்று பார்த்து, மறுபடி சாம்பிள் எடுப்பார். அதற்கும் சரியாகாவிட்டால், ரிப்போர்ட் நெகட்டிவாக இருந்தாலும் சிகிச்சையைத் தொடங்கலாம். ‘டெஸ்ட்ல ஒண்ணும் இல்லை, ஆனா மருந்து எழுதுறாரே’ என்று சந்தேகப்பட்டு வேறு டாக்டரிடம் ஓடுபவர்கள் நிறைய. அந்த முதல் டாக்டர் சரியாகத்தான் செய்திருக்கிறார்.

இந்த இடத்தில் மெடிக்கல் ஷாப்பில் நாமாகவே ஆன்டிபயாடிக் வாங்கிக் கொடுப்பது ரொம்ப ஆபத்து. லீவோஃப்ளாக்சசின் வகை மருந்துகள் காசநோய்க் கிருமியையும் கொஞ்சம் அடக்கும். காய்ச்சல் குறைந்த மாதிரி இருக்கும், டெஸ்ட்டில் கிருமி சிக்காது, நோய் மட்டும் உள்ளே இருக்கும்.

எடை விஷயத்தில் ஒரு யோசனை. தடுப்பூசி அட்டையில் எடை எழுதும் பக்கம் இருக்கும். பெரும்பாலான வீடுகளில் ஒன்றரை வயசோடு அந்தப் பக்கம் நின்றுபோகும். அங்கன்வாடியிலோ, கிளினிக்கிலோ மாசம் ஒரு தடவை எடை பார்த்து போனில் குறித்து வையுங்க. ‘இளைச்ச மாதிரி இருக்கான்’ என்பதைவிட, ‘மூணு மாசமா 11 கிலோவிலேயே நிக்கிறான்’ என்பது டாக்டருக்குப் பயன்படும்.

வாந்தி, ஓயாத தலைவலி, அதீதத் தூக்கம், கழுத்து விறைப்பு, வலிப்பு... இவையெல்லாம் இருந்தால் எந்த ரிசல்ட்டுக்கும் காத்திருக்காமல் பெரிய மருத்துவமனைக்குப் போயிடணும். மூளைச்சவ்வைத் தாக்கும் காசநோயாக இருக்கலாம். அதில் ஒவ்வொரு நாளும் கணக்கு. அதிலும் தண்டுவட நீரில் எடுக்கும் டெஸ்ட் நெகட்டிவ் என்பதற்காக மட்டும் மருந்தை நிறுத்தமாட்டார்கள்.

“பி.சி.ஜி போட்டாச்சே?” என்று கேட்கலாம். மூளைக் காசநோய் போன்ற கொடிய வகைகளைத் தடுக்க அந்த ஊசி நல்ல உதவி. நுரையீரல் காசநோயை முழுசாகத் தடுக்காது. இதைப் பற்றி உலகத்துக்குச் சொன்ன மிகப்பெரிய ஆய்வுகளில் ஒன்று, 1968-ல் நம்ம செங்கல்பட்டு வட்டாரத்தில் தொடங்கியதுதான்.

‘டி.பி பிளட் டெஸ்ட்’ என்று ரத்தத்தில் ஆன்டிபாடி பார்க்கச் சொன்னால் எழுந்து வந்துடுங்க. தவறான முடிவுகள் தருவதால் 2012-லேயே இந்தியா அதைத் தடை செய்துவிட்டது. கையில் ஊசி போட்டு ரெண்டு மூணு நாள் கழித்துத் தடிப்பை அளக்கும் மாண்டூ டெஸ்ட் வேறு. அது உடம்புக்குள் கிருமி நுழைந்திருக்கிறதா என்பதைச் சொல்லும், நோயாக மாறியிருக்கிறதா என்பதைச் சொல்லாது.

பாசிட்டிவ் வந்துட்டா...

பதற வேண்டாம். அரசு மருத்துவமனையில் டெஸ்ட்டும் மருந்தும் இலவசம். எடைக்கு ஏற்ற அளவில், தண்ணீரில் கரையும் குழந்தைகளுக்கான மாத்திரை இருக்கு. பொதுவாக 6 மாதம். தீவிரம் குறைந்த வகை என்றால் 4 மாதமே போதும் என்று 2022-ல் வெளியான ‘ஷைன்’ ஆய்வு காட்டியது. ஆப்பிரிக்க நாடுகளோடு இந்தியாவும் அதில் பங்கேற்றது. நிக்‌ஷய் போஷண் திட்டத்தில் சத்தான சாப்பாட்டுக்கு மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கில் வரும். சந்தேகம் என்றால் 1800-11-6666 கட்டணமில்லா எண். மருந்து தொடங்கியபின் ‘குணமாகுதா பார்க்கலாம்’ என்று சிபிநாட் திரும்ப எடுக்கச் சொல்லிக் கேட்காதீங்க. செத்த கிருமியின் மரபணுவும் அதில் பாசிட்டிவ் காட்டும். குணமாவதைச் சொல்வது பசியும் எடையும்தான்.

குழந்தைக்கு டி.பி வந்தால் அது யாரோ ஒரு பெரியவரிடமிருந்து வந்தது. குழந்தை அனேகமாக யாருக்கும் பரப்பாது. அந்தப் பெரியவர் பரப்பிக்கொண்டே இருப்பார். அது வீட்டுக்கு வந்துபோகும் உறவினராக இருக்கலாம், பார்த்துக்கொள்ளும் ஆயாவாக இருக்கலாம், ‘எனக்கு இது பீடி இருமல்தான்’ என்று நாலு மாசமாகச் சொல்லிக்கொண்டு பேரனை மடியில் வைத்துக் கதை சொல்லும் தாத்தாவாகவும் இருக்கலாம். வீட்டில் உள்ள அத்தனை பேரையும் பரிசோதிப்பார்கள். மற்ற குழந்தைகளுக்கு, முக்கியமாக 5 வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு, நோய் இல்லை என்று உறுதி செய்தபின் தடுப்பு மருந்து கொடுப்பார்கள். ஒரு வயசுகூட ஆகாத குழந்தைக்குள் இந்தக் கிருமி நுழைந்தால், தடுப்பு மருந்து இல்லாதபட்சத்தில் பாதிப் பேர் வரை நோயாக மாறும் என்பதால், இதைத் தள்ளிப்போடக் கூடாது.

தாத்தாவிடம் இதை எப்படிச் சொல்வது என்பதுதான் பல வீடுகளில் பெரிய வேலை. “உங்களாலதான் வந்துச்சு” என்று ஆரம்பித்தால் அவர் கிளம்பவே மாட்டார். “பேரனுக்காக ஒரு டெஸ்ட் தாத்தா” என்று கூப்பிட்டுப் பாருங்க. வண்டியில் நீங்களே கூட்டிட்டுப் போங்க. அவருக்குச் சளியைத் துப்பத் தெரியும்.